பனி கரையுற வரைக்கும் டேபிளைப் பாக்காதீங்க: நெஸ்காக் பேஸ்பால், மார்ச் மாச இழை

ஆத்தங்கரை413
மார்ச் முதல் வாரம்

மறுபடியும் மார்ச் வந்தாச்சு. போன வருஷ இழை எங்கெங்கயோ சுத்தி கடைசில ஹார்ட்ஃபர்டுல நல்ல கறிவேப்பிலை எங்க கிடைக்கும்னு போய் நின்னதால, இந்த வருஷத்துக்குப் புதுசா ஒண்ணு தொடங்குறேன். கறிவேப்பிலை ஆளுங்க பழைய இழையிலேயே இருங்க.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. நெஸ்காக்ங்கிறது நியூ இங்கிலாந்து பக்கத்து சின்ன கல்லூரிகளோட கான்ஃபரன்ஸ், 1971ல ஆரம்பிச்சது. 11 கல்லூரி, அதுல கனெக்டிகட் காலேஜ்ல பேஸ்பால் டீம் கிடையாது, மிச்சம் 10. மெயின் மாநிலத்துல போடன், பேட்ஸ், கோல்பி. மாசசூசெட்ஸ்ல ஆமர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ். கனெக்டிகட்ல ட்ரினிட்டி, வெஸ்லியன். வெர்மான்ட்ல மிடில்பரி, நியூயார்க்ல ஹாமில்டன். (ஆமர்ஸ்டுக்கு நடுவுல எச் எழுத்து இருக்கு, ஆனா சத்தம் வராது, ஆம்ஹெர்ஸ்ட்னு சொன்னீங்கன்னா வெளியூர்னு உடனே தெரிஞ்சிடும். நான் மூணு வருஷம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன், எவனும் திருத்தல.) டஃப்ட்ஸைத் தவிர மத்ததெல்லாம் நிஜமாவே சின்னக் கல்லூரி, நிறைய கல்லூரியில ரெண்டாயிரத்தைச் சுத்தித்தான் பசங்க.

இது டிவிஷன் 3, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுல மூணாவது அடுக்கு. விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் ஒரு பைசா கிடையாது, குடும்ப வருமானத்தைப் பாத்துக் குடுக்குற உதவித்தொகைதான்.

இப்ப நான் சொல்ல வந்தது. கான்ஃபரன்ஸ் டேபிள்ல எல்லாருக்கும் 0-0தான் இருக்கு, பக்கத்துல ஓவரால்னு (கான்ஃபரன்ஸுக்கு வெளிய ஆடுறதையும் சேர்த்த வெற்றி-தோல்வி) ஒரு கணக்கு ஓடுது பாருங்க, அதை வச்சு போன வருஷம் இங்க நடந்த சண்டை மாதிரி இந்த வருஷம் வேணாம். மார்ச் ரெக்கார்ட் எல்லாம் ஃப்ளோரிடா வெயில்ல எடுத்த போட்டோ, அதை வச்சுப் பொண்ணு பாக்க முடியாது.

---

புதுசு_மெட்ஃபர்ட்

வணக்கம், நான் டஃப்ட்ஸ் பக்கத்துல குடியிருக்கேன், போன வருஷம் வாக்கிங் போறப்ப சும்மா வேலிக்கு வெளியில நின்னு பாக்க ஆரம்பிச்சு இப்ப அடிக்ட் ஆயிட்டேன். டிக்கெட் கேக்கல, யாரும் யாருன்னும் கேக்கல, ஒரு தாத்தா மடக்கு நாற்காலி குடுத்து உக்கார வச்சாரு. அதுவரைக்கும் எனக்கு கிரிக்கெட் மட்டும்தான்.

என் சந்தேகம் என்னன்னா, ஒரு டீம் 7-1னு இருக்கு இன்னொரு டீம் 2-6னு இருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல எதுவுமே தெரியாதுன்னு எப்படி சொல்றீங்க? எட்டு மேட்ச் ஆடியிருக்காங்கல்ல. ஐபிஎல்ல எட்டு மேட்ச்னா பாதி சீசனே முடிஞ்சிடும்.

---

ஆத்தங்கரை413

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

இந்தக் கல்லூரிங்க முறையான பயிற்சியே பிப்ரவரி நடுவுலதான் ஆரம்பிப்பாங்க. வெளிய இடுப்பளவு பனி, அதனால கூடைப்பந்து கோர்ட்டுக்கு மேல வலை கட்டி உள்ளயே ஆடுவாங்க. உள்ள கூரைக்குக் கீழ தூக்கி அடிச்ச பந்தைப் பிடிச்சுப் பழக முடியுமா? முடியாது. அப்புறம் பிளேன் ஏறி ஃப்ளோரிடாவோ அரிசோனாவோ போவாங்க, ஆபர்ன்டேல்னு ஒரு ஊரு, அங்க நாடு முழுக்க இருந்து சின்னக் கல்லூரிங்க வந்து குவியும், ஒரே வளாகத்துல வரிசையா மைதானம், காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ஆட்டம். பல அவுட்ஃபீல்டருக்கு அந்த வருஷத்துல முதல்முதலா நிஜ வானத்துல நிஜப் பந்தைப் பாக்குறதே அங்கதான். எதிர்ல இருக்குறவன் தெக்கத்தி கல்லூரின்னா அவன் ஏற்கனவே பிப்ரவரியில இருந்து பத்துப் பதினஞ்சு மேட்ச் ஆடி சூடா இருப்பான்.

எட்டு நாள்ல எட்டு ஒம்பது மேட்ச்னா பிட்சர் (நம்ம பௌலர் மாதிரி) எங்க இருந்து வருவான்? நல்ல பிட்சர் வாரத்துக்கு ஒரு தடவைதான் முழுசா போடுவான், அதுவும் சீசன் ஆரம்பத்துல கோச் கையை எண்ணி எண்ணி வச்சிருப்பாரு, நாலு இன்னிங்ஸ் போட்டதும் நல்லா ஓடிட்டு இருந்தாலும் எடுத்துடுவாரு. அப்ப மிச்ச மேட்ச்ல யாரு? அஞ்சாவது, ஆறாவது, பதினோராவது ஆளு. கான்ஃபரன்ஸ் ஆட்டம் வந்ததும் வார இறுதியில மூணு மேட்ச் தொடர், வெள்ளி ஒண்ணு சனி ரெண்டு, அங்க அந்தப் பதினோராவது ஆளு பெஞ்சுல சூரியகாந்தி விதை மென்னுட்டு இருப்பான். நீங்க மார்ச்சுல பாக்குற டீம் வேற, ஏப்ரல்ல பாக்குற டீம் வேற, சட்டை மட்டும்தான் ஒண்ணு.

நம்மூர் கணக்குல சொல்லணும்னா ரஞ்சிக்கு முன்னாடி புச்சிபாபு ஆடுற மாதிரி. அதுல ஜெயிச்சவன் ரஞ்சி ஜெயிச்சானா?

---

கணக்குப்பிள்ளை

தலைவர் பாதி சரி. ரெக்கார்டைப் பாக்காதீங்கன்னா ஓகே, எதையுமே பாக்காதீங்கன்னா ஒத்துக்க மாட்டேன். பாக்க வேண்டியது வேற.

பேட்டிங் ஆவரேஜை முதல்ல தூக்கிப் போடுங்க. ஒருத்தன் 20 தடவை அடிச்சு 9 ஹிட், .450, ஆஹா ஓஹோ. அதுல ரெண்டு ஹிட்டு பேட் நுனியில பட்டு இன்ஃபீல்டுக்கும் அவுட்ஃபீல்டுக்கும் நடுவுல யாருமில்லாத இடத்துல விழுந்ததுன்னு வைங்க, அது ரெண்டும் கைக்குப் போயிருந்தா .350. ரெண்டே ரெண்டு பந்து, அவன் கடவுளா மனுசனாங்கிறது அதுல இருக்கு.

ஆனா பிட்சர் குடுக்குற வாக் (நாலு பந்து ஸ்ட்ரைக் இல்லாம வெளிய போட்டா பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போறது) அப்படி இல்ல. வாக்குல அதிர்ஷ்டம் கம்மி, ஃபீல்டர் கிடையாது, காத்து கிடையாது, ஸ்ட்ரைக் போடத் தெரியுதா இல்லையா அவ்ளோதான். (அம்பயரைப் பத்தி ஆரம்பிக்காதீங்க.) சின்னக் கல்லூரி லெவல்ல மேட்ச் தோக்குறது பெரும்பாலும் எதிராளி அடிச்சு இல்ல, நாமளே நடக்க விட்டு. ரெண்டு வாக், ஒரு எர்ரர் (ஃபீல்டர் சொதப்பல்), ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சர் கைக்கு எட்டாத பந்து), ஒரு சப்பையான சிங்கிள், மூணு ரன். இந்தக் கதையை எத்தனை பாக்ஸ் ஸ்கோர்ல படிச்சிருக்கேன்னு கணக்கே இல்ல. அதனால நான் மார்ச்சுல பாக்குறது ரெண்டே ரெண்டு: டீமோட மூணாவது நாலாவது பிட்சர் எத்தனை வாக் குடுக்குறான், ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்குற ஃபீல்டர்) எத்தனை எர்ரர் பண்றான். முதல் பிட்சர் எல்லா டீம்லயும் நல்லாத்தான் இருப்பான். கான்ஃபரன்ஸ் தொடர்ல மூணாவது மேட்ச்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் டேபிள் பிரியும்.

---

சந்தேகம்சாமி

இன்னாபா, எம்எல்பி (அதான் பெரிய ப்ரொஃபஷனல் லீக்) ஸ்பிரிங் ட்ரெயினிங் ஓடினு இருக்கு, டிவிஷன் ஒண்ணு காலேஜ் மேட்ச் டிவியில வருது, அதெல்லாம் வுட்டுட்டு பனியில கெடக்குற ஸ்காலர்ஷிப் இல்லாத காலேஜை உக்காந்து ஆராய்ச்சி பண்றீங்க. இவனுங்கள்ல எவன் பெரிய லெவலுக்குப் போயிருக்கான்? அதுவும் குளிர் ஊர் காலேஜ் நேஷனல் லெவல்ல ஜெயிச்சதா சரித்திரமே கெடயாது.

---

கணக்குப்பிள்ளை

சரித்திரம்னு சொல்லிட்டீங்க, இருங்க.

ட்ரினிட்டி, ஹார்ட்ஃபர்ட், 2008. வரிசையா 44 மேட்ச் ஜெயிச்சு தோல்வியே தெரியாம டிவிஷன் 3 இறுதிக் கட்டத்துக்குப் போனாங்க, அங்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ்கிட்ட ஒண்ணு தோத்தாங்க, ரெண்டு தடவை தோத்தாத்தான் வெளிய போற டபுள் எலிமினேஷன்ங்கிறதால இன்னொரு வாய்ப்பு இருந்துச்சு, அடுத்த ஆட்டத்துல அவங்களையே ஜெயிச்சு கோப்பை. 45-1. நெஸ்காக் டீம்தான், ஹார்ட்ஃபர்ட் பனிதான்.

நெஸ்காக்குக்கு வெளிய, ஆனா அதே கனெக்டிகட்ல, ஈஸ்டர்ன் கனெக்டிகட் ஸ்டேட்னு ஒரு கல்லூரி: 1982, 1990, 1998, 2002, அப்புறம் இருபது வருஷம் கழிச்சு 2022. அஞ்சு பட்டம். 2025ல ஜெயிச்சது விஸ்கான்சின் வைட்வாட்டர், விஸ்கான்சின்ல என்ன தென்னை மரமா நிக்குது?

பெரிய லெவல் கேட்டீங்க. பில்லி வாக்னர், ஃபெரம் காலேஜ், வர்ஜீனியா, அப்போ டிவிஷன் 3. 1992ல ஒம்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு மேட்சுக்கு, 19.1 ஸ்ட்ரைக்அவுட்னு (மூணு ஸ்ட்ரைக்ல ஆளை அவுட் பண்றது) போட்டாரு, அடுத்த வருஷம் ஹூஸ்டன் முதல் ரவுண்டுல எடுத்தாங்க, 422 சேவ் (முன்னிலையை விடாம மேட்சை முடிச்சுக் குடுக்குறது), 2025ல ஹால் ஆஃப் ஃபேம். டிவிஷன் 3ல இருந்து அங்க போன முதல் ஆளு.

---

ஆத்தங்கரை413

நெஸ்காக்ல ஆடுனவங்க களத்துல பெருசா வந்ததை விட ஆபீஸ் ரூம்ல வந்ததுதான் அதிகம். பென் செரிங்டன் ஆமர்ஸ்ட்ல பந்து போட்டவரு, 2013ல ரெட் சாக்ஸ் எம்எல்பி பட்டம் ஜெயிச்சப்ப ஜெனரல் மேனேஜர். டான் டுகெட், நீல் ஹன்டிங்டன் ரெண்டு பேரும் ஆமர்ஸ்ட்தான், ரெண்டு பேரும் எம்எல்பி ஜிஎம் ஆனவங்க. கப்ஸ் 2016ல 108 வருஷப் பசியைத் தீர்த்தப்ப ஜிஎம்மா இருந்த ஜெட் ஹோயர் வெஸ்லியன், 1994ல டிவிஷன் 3 இறுதி வரைக்கும் போன வெஸ்லியன் டீம்ல இருந்தவரு. மைதானத்துல .280 அடிச்சவன் அப்புறம் உக்காந்து .320 அடிக்கிறவனை விலை பேசுறான், அதான் இந்த கான்ஃபரன்ஸ். (.280ங்கிறது சும்மா பேச்சுக்கு, கணக்குப்பிள்ளை உடனே வராதீங்க.)

---

லெஃப்டியோட_அம்மா

போன வருஷமெல்லாம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இந்த வருஷம் எழுதாம இருக்க முடியல. என் பையன் இதுல ஒரு கல்லூரியில முதல் வருஷம், எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க, அவனுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டை விட்டுத் துரத்திருவான். இடது கை பிட்சர்.

ஃப்ளோரிடா ட்ரிப்புக்கு நானும் அவங்கப்பாவும் போனோம். நீங்கல்லாம் ரெக்கார்டுன்னு ஒரு வரியில சொல்றீங்கல்ல, அந்த வரிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். புள்ளைங்க காலைல ஆறு மணிக்கு பஸ்ல ஏறுதுங்க, மதியம் வரைக்கும் வெயில், நியூ இங்கிலாந்துல மூணு மாசம் சூரியனையே பாக்காத தோலு, ரெண்டாம் நாளே கழுத்தெல்லாம் சிவந்து உரிஞ்சு போச்சு. ராத்திரி ஹோட்டல்ல காசு போடுற வாஷிங் மெஷின் ரெண்டே ரெண்டு, முப்பத்தஞ்சு பேரு சட்டை. மிட்டர்ம் பேப்பர் எழுதணும்னு லாபில மடிக்கணினியை வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்குதுங்க. பெத்தவங்க கூடாரத்துல முறை வச்சு சாப்பாடு, எல்லாரும் சாண்ட்விச் கொண்டாந்தாங்க, நான் எலுமிச்சை சாதம் பண்ணிட்டுப் போனேன், முதல் நாள் மூணு பேரு தொட்டாங்க, மூணாம் நாள் பாத்திரம் காலி, கேட்சர் பையன் வந்து அந்த மஞ்ச சோறு இன்னைக்கும் இருக்கான்னு கேக்குறான்.

அஞ்சாம் நாள் இவனைப் போடச் சொன்னாங்க. ஏற்கனவே தோத்துட்டிருந்த மேட்ச், ஆறாவது இன்னிங்ஸ். முதல் ஆளு வாக். ரெண்டாவது ஆளு வாக். மூணாவது ஆளு முதுகுல பந்தைப் போட்டான். கோச் மவுண்டுக்கு நடந்து போனாரு, எடுத்துருவாருன்னு நெனச்சேன், என்னமோ சொன்னாரு, பையன் தலையை ஆட்டினான், அவரு திரும்பி வந்துட்டாரு. அப்புறம் ஒரு டபுள் ப்ளே (ஒரே அடியில ரெண்டு அவுட்), ஒரு ஸ்ட்ரைக்அவுட். ஒரு ரன்னு போச்சு. பாக்ஸ் ஸ்கோர்ல ஒரு இன்னிங்ஸ், ரெண்டு வாக், ஒரு ரன், இஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் குடுக்குறான்ங்கிற கணக்கு) 9.00னு நிக்குது. அந்த 9.00ஐ அதுக்கப்புறம் பத்து நாளா அவன் கூடவே தூக்கிட்டு அலையுறான், ஏன்னா மறுபடி அவனுக்கு மேட்சே வரல.

கணக்குப்பிள்ளை சார், நீங்க பாக்குற அந்த நாலாவது பிட்சரோட வாக் கணக்கு, அது என் புள்ளை.

---

கணக்குப்பிள்ளை

அம்மா, படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத வரல. ஒரு இன்னிங்ஸ்ல எதையும் கண்டுபிடிக்க முடியாதுங்கம்மா, இதை ஆறுதலுக்குச் சொல்லல, கணக்காவே சொல்றேன். அடுத்து அவன் எட்டு இன்னிங்ஸ் ரன் குடுக்காம போட்டா அதே இஆர்ஏ 1.00. அதோட ரன்னர் மூணு பேரு நிக்குறப்ப கோச் எடுக்காம விட்டாரு பாருங்க, அது பாக்ஸ் ஸ்கோர்ல வராது, ஆனா நீங்க சொன்னதுல எனக்குப் பெருசாத் தெரியுறது அதுதான்.

இன்னொண்ணு. நேத்து வாக்னரைப் பத்திச் சொன்னேன்ல, அவரு பிறவியில வலது கை ஆளு. சின்னப் பையனா இருந்தப்ப வலது கை ரெண்டு தடவை உடைஞ்சதால இடது கையால எறியக் கத்துக்கிட்டவரு. பையன்கிட்ட சொல்லுங்க, இல்ல சொல்லாதீங்க, அம்மா சொன்னா கடுப்பாயிடுவாங்க.

---

ஐஸ்பொட்டி_மெயின்

நானுங்க லூயிஸ்டன் பக்கத்துல இருக்கேன், பேட்ஸ் கல்லூரி கூப்பிடு தூரம். இங்க நிலவரம் சொல்றேன் கேட்டுக்கோங்க. மார்ச் மூணாவது வாரம், ஜன்னலுக்கு வெளிய பார்த்தா வெள்ளை. போன வாரம் ஒரு மைதானத்துல பனி அள்ளுற வண்டியை விட்டு அவுட்ஃபீல்டை வழிச்சுட்டு இருந்தாங்க, செயற்கைப் புல்லுன்னா அப்படி வழிக்கலாமுங்க, நிஜப் புல்லுன்னா வழிச்சா வேரோட வந்துரும், கீழ சேறு, அது காயறதுக்கு இன்னும் ரெண்டு வாரம். அதனால ஹோம் மேட்ச்னு அட்டவணையில போட்டிருக்கும், ஆனா எங்க நடக்கும்னு வியாழக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாதுங்க. மெயின்ல நடக்க வேண்டியது கனெக்டிகட்ல நடக்கும், கனெக்டிகட் டீம் அவங்க ஊர்லயே விசிட்டர் சட்டை போட்டுட்டு முதல்ல பேட்டிங் பண்ணும்.

குளிர்ல அலுமினிய பேட்ல உள்பக்கமா பந்து பட்டுச்சுன்னா கையில தேனீ கொட்டின மாதிரி இருக்குமுங்க, முழங்கை வரைக்கும் போகும். பந்தும் போகாது, ஃப்ளோரிடாவுல வேலி தாண்டினது இங்க சென்டர்ஃபீல்டர் கையில சோம்பேறித்தனமா வந்து உக்காரும். அங்க ஹோம்ரன் அடிச்ச டீமை நம்பி இங்க வந்தா ஏமாந்துருவீங்க, சொல்லிட்டேன்.

இன்னொரு கொசுறு. கோல்பி மைதானத்துக்குப் பேரு கூம்ஸ் ஃபீல்ட். ஜாக் கூம்ஸ் 1906ல கோல்பியில பட்டம் வாங்கிட்டு நேரா பிலடெல்பியா ஏ'ஸ்ங்கிற எம்எல்பி டீமுக்குப் போனாரு, அதே வருஷம் செப்டம்பர் 1ஆந்தேதி பாஸ்டனுக்கு எதிரா 24 இன்னிங்ஸ் மேட்ச், அந்த 24ஐயும் ஒரே ஆளா போட்டு 4-1னு ஜெயிச்சாரு. 1910ல 31 மேட்ச் ஜெயிச்சாரு. இன்னைக்கு கோச்சுக கையை எண்ணி எண்ணி வெக்கறாங்கன்னு ஆத்தங்கரை சொன்னாருல்லங்க, அதுக்காகச் சொன்னேன்.

---

கணக்குப்பிள்ளை

இப்ப ஆத்தங்கரையோட முதல் பதிவுக்கே சண்டைக்கு வர்றேன், ரெண்டு வாரமா மனசுல வச்சிருந்தேன்.

"மார்ச் ரெக்கார்டுக்கு அர்த்தமில்ல"ன்னீங்க. டேபிளுக்கு அர்த்தமில்ல, சரி. தேசிய டோர்னமென்டுக்கு? கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம், அது ஒண்ணே ஒண்ணு. மத்தவங்க எல்லாம் அட்-லார்ஜ்னு தேர்வு பண்ணிக் குடுக்குற மிச்ச இடத்துக்கு வரிசையில நிக்கணும். 2024-25ல இருந்து டிவிஷன் 3ல என்பிஐன்னு ஒரு கணக்கு வந்திருக்கு, யார்கிட்ட ஜெயிச்ச, யார்கிட்ட தோத்த, எதிராளி எவ்ளோ பலம், எல்லாத்தையும் அரைச்சு ஒரு நம்பர். அந்தக் கம்ப்யூட்டருக்கு மார்ச் 10ஆந்தேதி வெயில்ல பதினோராவது பிட்சர் தோத்த மேட்சும் ஒண்ணுதான், மே மாசம் உசிரைக் குடுத்து ஆடுனதும் ஒண்ணுதான். தோல் உரிஞ்சிருந்துச்சு, மிட்டர்ம் பேப்பர் இருந்துச்சுன்னு சொன்னா அதுக்குப் புரியாது.

---

ஆத்தங்கரை413

ஒத்துக்குறேன், பாதி. மே மாசம் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்துட்டு வீட்டுல உக்காந்து செலக்‌ஷன் லிஸ்டைப் பாக்குற டீமுக்கு மார்ச் வந்து கழுத்தைப் பிடிக்கும், அது உண்மைதான். ஆனா நான் சொன்னது வேற. மார்ச் ரெக்கார்டு ஒரு டீமோட விதியை மாத்தலாம், ஆனா அந்த டீம் எப்படிப்பட்டதுன்னு சொல்லாது. கடன் பத்திரம் மாதிரி, கையெழுத்துப் போட்டது நீங்கதான், கட்ட வேண்டியதும் நீங்கதான், அதுக்காக அதுல உங்க குணம் தெரியுமா?

எனக்கு இதுல நிஜமான கோபம் வேற இடத்துல. கோச்சுங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஃப்ளோரிடாவுலயே நல்ல பிட்சரை மூணு நாள் இடைவெளியில மறுபடி போட ஆரம்பிச்சா? கூம்ஸ் காலத்துக் கதை சும்மா கேக்க நல்லாருக்கு, பத்தொம்பது வயசுப் பையனோட முழங்கை அது. ஒரு நம்பருக்காக.

---

கணக்குப்பிள்ளை

அதுல நான் உங்க பக்கம்.

---

யாழ்_டொரண்டோ

உங்கட இழையைக் கனகாலமா வாசிக்கிறன், எழுதினது இல்லை. ஒரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்லை எண்டபடியால் வாறன். அமெரிக்காவில ரெண்டு கல்லூரி தங்களுக்குள்ள ஆடின முதலாவது பேஸ்போல் மச்சே ஆமர்ஸ்டும் வில்லியம்ஸும் ஆடினதுதான், 1859 யூலை 1, பிட்ஸ்ஃபீல்ட். ஆமர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அடுத்த நாள் செஸ்ஸும் விளையாடினவை, அதிலயும் ஆமர்ஸ்ட்தான். வில்லியம்ஸ்காரருக்கு இண்டைக்கும் அந்தக் கதை எடுத்தா முகம் சுருங்கும்.

அது இப்ப நாங்கள் பாக்கிற பேஸ்போல் இல்லை கண்டியளோ, மாசசூசெட்ஸ் விதி எண்டு ஒண்டு. ஒரு பக்கத்துக்கு 13 பேர், ஒரு ஆள் அவுட் எண்டா இன்னிங்ஸே சரி, ஓடுறவனைப் பந்தால எறிஞ்சு அடிச்சாலும் அவுட்.

எங்கட ஊரில சென்ரலும் சென் ஜோன்ஸும் 1904இல இருந்து வடக்கின் சமர் ஆடுகினம், அதுதான் உலகத்திலயே பழசு எண்ட மாதிரி நாங்கள் சின்னனில கதைப்பம். இவை அதுக்கு நாற்பத்தஞ்சு வருசம் முன்னமே தொடங்கியிட்டினம். ஆனா பாண்ட் வாத்தியம் எங்களிட்டத்தான் திறம்.

---

புதுசு_மெட்ஃபர்ட்

ஓடுறவனைப் பந்தால அடிச்சா அவுட்டா!! அது நம்ம ஏழுகல்லு ஆட்டம்ல. முதுகுல வாங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

---

சந்தேகம்சாமி

சரிபா, ஒத்துக்குறேன், ட்ரினிட்டி மேட்டர் தெர்யாது. ஒரு மேட்ச் பாக்கலாம்னு தோணுது, எங்க போனா நல்லாருக்கும்? நான் நியூ ஹேவன்ல இருக்கேன்.

---

ஆத்தங்கரை413

வெஸ்லியன் போங்க, மிடில்டவுன், உங்களுக்குக் கிட்டத்தான். ஆண்ட்ரஸ் ஃபீல்டுன்னு கல்லூரிக்கு நட்ட நடுவுல மைதானம், ஒரு பக்கம் லைப்ரரி, இன்னொரு பக்கம் ஃபாஸ் ஹில்னு ஒரு மேடு. ஏப்ரல்ல வெயில் வந்துட்டா அந்த மேட்டுல பாதி காலேஜ் படுத்துக் கெடக்கும், அதுல பாதிக்கு கீழ மேட்ச் நடக்குதுன்னே தெரியாது. கம்பளி எடுத்துட்டுப் போங்க, வெயில் வந்துடுச்சுன்னு நம்பாதீங்க. வெஸ்லியன், ஆமர்ஸ்ட், வில்லியம்ஸ் மூணையும் சேர்த்து லிட்டில் த்ரீம்பாங்க, அந்த மூணுல ரெண்டு மோதுற நாளா பாத்துப் போங்க.

அப்புறம் போற நாள் காலைல அட்டவணையைப் பாத்துட்டுக் கிளம்புங்க. போன வருஷம் நான் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய் பூட்டின கேட்டைப் பாத்துட்டு வந்தேன், மேட்சை மத்தியானத்துல இருந்து காலைக்கு மாத்தி, அது முடிஞ்சே போச்சு. எந்தக் கல்லூரின்னு சொல்லல.

---

ஐஸ்பொட்டி_மெயின்

பூட்டின கேட்டுன்னதும் 2020 ஞாபகம் வந்துருச்சுங்க. மார்ச் ரெண்டாவது வாரம், பல டீம் தெக்க இருந்துச்சு இல்ல கிளம்பறதுக்குப் பெட்டி கட்டிட்டு இருந்துச்சு, நெஸ்காக் வசந்தகால விளையாட்டு முழுசையும் ரத்துன்னு சொல்லிருச்சு. நாடே பூட்டறதுக்கு முன்னாடி பூட்டினவங்கள்ல இவங்களும் ஒருத்தரு. எங்க தெருவுல குடியிருந்த ஒரு சீனியர் பையன் ரெண்டு நாள் கழிச்சு தனியா அந்த மைதானத்துல, பனியிலங்க, பேஸைச் சுத்தி நடந்துட்டு இருந்தான். ஓடல, நடந்தான். அந்த வருசம் டேபிள்ல இன்னைக்கும் கான்ஃபரன்ஸ்ல எல்லாருக்கும் 0-0தான்.

---

புதுசு_மெட்ஃபர்ட்
கான்ஃபரன்ஸ் முதல் வார இறுதி, வெள்ளி

இன்னைக்கு முதல் மேட்ச் பாத்தேன், கை விறைச்சுப் போச்சு, மடக்கு நாற்காலி தாத்தா இந்த வருஷமும் வந்திருக்காரு. நீங்க சொன்ன மாதிரியே மூணாவது இன்னிங்ஸ்ல ரெண்டு வாக், ஒரு எர்ரர், ஒரு சப்பை சிங்கிள். கணக்குப்பிள்ளை, நீங்க என்ன ஜோசியரா?

---

கணக்குப்பிள்ளை

வாக் குடுத்தா ரன் போகும்ங்கிறதுக்கு ஜோசியர் எதுக்குங்க. நாளைக்கு மழைன்னு சொல்றாங்க, ரெண்டு மேட்சையும் முன்னாடி நகர்த்தி காலைலயே ஆரம்பிக்கப் பாப்பாங்க.

---

ஆத்தங்கரை413
சனி, மாலை

ரெண்டாவது மேட்ச் லைவ் ஸ்டாட்ஸ் ஆறாவது இன்னிங்ஸ்லயே நின்னு போச்சு, பத்து நிமிஷமா அதே பேட்டர், அதே பந்து. வீடியோவும் சுத்திட்டே இருக்கு. யாராவது கிரவுண்டுல இருக்கீங்களா?

---

ஐஸ்பொட்டி_மெயின்

எங்க பக்கம் மழை நின்னுருச்சுங்க, தார்ப்பாயை இழுத்துட்டு இருக்காங்க. பெஞ்சுல இருந்த பசங்க எல்லாரும் சேர்ந்து இழுக்கறாங்க, ஒருத்தன் வழுக்கி விழுந்து அப்படியே பத்தடி சறுக்கிட்டுப் போனான், அதுக்குத்தான் இன்னைக்கு அதிகமா கை தட்டினாங்க.

---

லெஃப்டியோட_அம்மா

நான் வேற கிரவுண்டுல இருக்கேன். நேத்து தோத்தோம், காலைல ஜெயிச்சோம், இது மூணாவது. ஒரு ரன்னு முன்னாடி இருக்கோம், ரெண்டு பேஸ்ல ஆளு, இப்ப ஆடுறது இடது கை பேட்டர், அடுத்து வர்றதும் இடது கை. புல்பென்ல (மாத்து பிட்சருங்க கை சூடாக்குற இடம்) ரெண்டு பேரு போட்டுட்டு இருந்தாங்க, ஒருத்தனை உக்காரச் சொல்லிட்டாங்க. கோச் மவுண்டுக்குப் போயிட்டாரு, இடது கையைத் தொட்டுக் காட்டுறாரு. அவங்கப்பா கண்ணாடியைத் துடைச்சுட்டே இருக்காரு. போனை உள்ள வச்சிடறேன்.